தறிக்கூடத்துப் பேச்சு

எல்லர்ஷா, லங்காஷயர்
1916 மே 3

தம்பி ஏனோக்குக்கு,

அக்கா திர்சா எழுதுறேன். உடம்பு எப்படி இருக்கு? போன தடவை சொன்ன இருமல் விட்டுச்சா? என் உடம்புக்கு ஒண்ணும் இல்ல. மனசைப் பத்திக் கேக்காதே.

நேத்து ராணுவ ஆபீசிலேர்ந்து ஒரு தாள் வந்துச்சு. தபால்காரர் கிராஷா எப்பவும் கதவைத் தட்டி ரெண்டு வார்த்தை பேசிட்டுத்தான் போவாரு. நேத்து கதவுக்குக் கீழ தள்ளிட்டு ஓட்டமா ஓடிட்டாரு. போன மாசம் பத்தொன்பதாம் தேதிலேர்ந்து உங்க மாமாவைக் 'காணவில்லை'ன்னு போட்டிருக்கு. அவ்வளவுதான். காணவில்லைன்னா என்னடா அர்த்தம்? என் புருஷன் ஜேபஸ் என்ன கைக்குட்டையா, எங்கேயோ விழுந்து காணாமப் போறதுக்கு?

நீங்க ரெண்டு பேரும் ஒரே நாள்ல கையெழுத்துப் போட்டுட்டுப் போனீங்க. ஒரே பட்டாளம், ஒரே பிரிவு, ஒரே பதுங்குகுழியில படுக்கை. ஊர்ப் பசங்களைப் பிரிக்க மாட்டோம், ஒண்ணாவே வச்சிருப்போம்னு பேண்டு வாத்தியம் முழங்கச் சொல்லித்தானே கூட்டிட்டுப் போனாங்க? அப்ப உன் கண்ணுல படாம அவரு எங்க போயிருக்க முடியும்?

உயிரோட இருக்காரா, இல்லையா. எனக்கு அது ஒண்ணு தெரிஞ்சா போதும். ஒளிக்காம எழுது.

உன் பதிலுக்காக வாசலையே பாத்துட்டிருக்கிற அக்கா,
திர்சா


பிரான்ஸ் (ஊர் பேர் எழுதக் கூடாது)
1916 மே 14

அன்பு அக்காவுக்கு,

நான் நல்லா இருக்கேன். இருமல் போயிடுச்சு, பேன்தான் போக மாட்டேங்குது. நீ நேரத்துக்குச் சாப்பிடு, பட்டினி கிடக்காதே.

மாமா விஷயம் நானே முதல்ல எழுதியிருக்கணும். எழுத வரல. அந்த ராத்திரி எதிரி குழிக்குள்ள புகுந்து ஒருத்தனையாவது பிடிச்சுட்டு வரச் சொல்லி எங்க பிரிவை அனுப்பினாங்க. மாமாவும் போனாரு, நானும் போனேன். திரும்புற வழியில வெளிச்சக் குண்டைப் போட்டுட்டுச் சுட ஆரம்பிச்சுட்டாங்க. நான் எங்க குழிக்குள்ள வந்து விழுந்தப்ப மாமா பக்கத்துல இல்ல. அவ்வளவுதான் சொல்ல முடியும். எங்க கடுதாசியை எல்லாம் லெப்டினன்ட் படிச்சுப் பாத்துட்டுத்தான் ஒட்டுவாரு.

இங்கயும் நம்ம தறிக்கூடத்துப் பேச்சுத்தான் ஓடுது. குண்டு விழுற சத்தத்துல காதுக்குள்ள கத்தினாலும் கேக்காது. நமக்கு அது புதுசா என்ன? தறிச் சத்தத்துல பேசுற மாதிரியே வாயை அகலமாத் திறந்து, குரல் இல்லாம, உதட்டாலேயே பேசிக்கிறோம். லெப்டினன்ட் லண்டன்காரரு, அவருக்கு ஒண்ணும் புரியாது. சார்ஜெண்ட் ஹஸ்லம் அவரு முன்னாடியே நின்னு அவரு மீசையைப் பத்தி என்னென்னவோ சொல்வாரு, நாங்க சிரிப்பை அடக்க முடியாம நிப்போம். (ஐயா, இதைப் படிக்கிறீங்கன்னா மன்னிச்சுக்குங்க.)

வேற விசேஷம் இல்ல.

உன் தம்பி,
ஏனோக்


எல்லர்ஷா
1916 மே 22

டேய் தம்பி,

நல்லா இருப்பே. நீ நல்லா இருக்கேன்னு படிச்ச பிறகுதான் நிம்மதியா மூச்சு விட்டேன்.

உன் கடுதாசியைப் பத்துத் தடவை படிச்சுட்டேன். பக்கத்துல இல்லன்னுதானே எழுதியிருக்கே? செத்துக் கிடந்தாருன்னு எழுதலையே! அப்படின்னா அவங்க பிடிச்சுட்டுப் போயிருக்காங்க. மூணாவது வீட்டுல இருக்கிற விட்டில் அம்மா பையனை இப்படித்தான் காணோம்னாங்க. அவ அவன் துணியெல்லாம் எடுத்துத் தானம் கொடுத்த பிறகு ஜெர்மனியில கைதியா இருக்கேன்னு கார்டு போட்டான். அவன் திரும்பி வந்தா போட்டுக்கச் சட்டைகூடக் கிடையாது, பாவம். நான் ஏமாற மாட்டேன். உங்க மாமா சட்டையெல்லாம் துவைச்சு இஸ்திரி போட்டு அடுக்கிட்டேன்.

மில்லுல இந்தச் சிறுக்கிங்க தறிக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு, "பாவம் அவ, இன்னும் புரிஞ்சுக்க மாட்டேங்குறா"ன்னு உதட்டால பேசிக்கிறாளுங்க. எனக்குக் கண்ணு இல்லையா? "என்னைப் பத்திப் பேசணும்னா முதுகைக் காட்டிட்டுப் பேசுங்கடி"ன்னு நானும் உதட்டாலேயே திருப்பிக் கொடுத்தேன். உங்க மாமா என்னைப் பொண்ணு கேட்டதே இதே கூடத்துல இப்படித்தான். நாலு தறி தள்ளி நின்னுக்கிட்டு, "கட்டிக்கிறியா?"ன்னாரு. நான் பதில் சொல்றதுக்குள்ள கூடம் மொத்தமும் படிச்சுட்டுக் கையைத் தட்டுதுங்க. மானமே போச்சு. எவ்வளவு சந்தோஷமா இருந்தேன் தெரியுமா அன்னிக்கு?

கைதிகளைத் தேடித் தர்ற சங்கத்துக்கு எழுதிப் போட்டிருக்கேன். நீயும் விசாரி.

அக்கா


பிரான்ஸ்
1916 ஜூன் 19

அக்காவுக்கு,

நலம். நீயும் நலமா இருக்கணும்.

பதில் போட நாளாயிடுச்சு, கோவிச்சுக்காதே. மழை விடவே இல்ல. குழிக்குள்ள முழங்கால் வரைக்கும் சேறு. டீத் தண்ணியைப் பெட்ரோல் டின்னுல கொண்டு வர்றாங்க, டீயைக் குடிச்சுட்டு நெருப்புப் பக்கம் போகவே பயமா இருக்கு. எலிங்க பூனை அளவுக்கு இருக்கு. நெட் பார்லோ ஒரு எலிக்கு நம்ம மில் முதலாளி பேரை வச்சிருந்தான். இப்ப நெட் இல்ல.

நீ அனுப்பின இஞ்சி கேக் வந்துச்சு. எல்லாரும் பிச்சுத் தின்னோம்.

அக்கா, நீ ரொம்ப நம்பிக்கை வைக்காதே. இல்லன்னு நான் சொல்லல. வைக்காதேன்னு சொல்றேன். அவ்வளவுதான்.

ஏனோக்


எல்லர்ஷா
1916 ஜூன் 27

ஏனோக்,

நான் நல்லாத்தான் இருக்கேன், நீயும் இருந்துக்கோ.

என் நம்பிக்கைக்கு அளவு சொல்ல நீ யாருடா? தெரிஞ்சா தெரியும்னு சொல்லு, தெரியலேன்னா வாயை மூடிட்டுச் சும்மா இரு. ரெண்டும் இல்லாம நடுவுல நின்னுக்கிட்டு எனக்குப் புத்தி சொல்ற வேலை வேணாம். விசாரின்னு எழுதினேனே, விசாரிச்சியா? ஒரு வரி இல்ல. எலியைப் பத்தி எழுத மட்டும் இடம் இருக்கு.

கோவத்துல எழுதிட்டேன். கிழிச்சுட்டு வேற எழுதலாம்னா மில் மணி அடிச்சுடுச்சு. காலுறை ரெண்டு ஜோடி வச்சிருக்கேன். ஒண்ணு உனக்கு. இன்னொண்ணு அவரு எங்க இருக்காருன்னு தெரிஞ்சா அனுப்பி வை.

திர்சா


(ராணுவம் அச்சடித்துக் கொடுக்கும் கார்டு. வேண்டாத வரிகள் பென்சிலால் அடிக்கப்பட்டு, ஒரே ஒரு வரி மட்டும் விடப்பட்டிருந்தது.)

நான் நலமாக இருக்கிறேன்.

கையெழுத்து: ஏ. ஹோல்ட்
தேதி: 1916 ஜூலை 4


எல்லர்ஷா
1916 ஜூலை 21

என் தங்கமே,

கார்டு வந்துச்சு. அந்த ஒரே வரியைக் கையில பிடிச்சுக்கிட்டு நடுத்தெருவில நின்னே அழுதேன். எந்த வெக்கமும் இல்ல.

அந்த ஒண்ணாம் தேதிச் சண்டைக்கு அப்புறம் இங்க என்ன நடந்துச்சுன்னு நீ கேக்க வேண்டியதில்ல, உனக்குத்தான் முதல்ல தெரியும். நம்ம தெருவில துக்கத்துக்கு ஜன்னல் திரை இறக்காத வீட்டை விரல் விட்டு எண்ணிடலாம். ஊர்ப் பசங்களை ஒண்ணா வச்சிருப்போம்னாங்களே, ஒண்ணாவே முடிச்சுட்டாங்க. நாசமாப் போக! சார்ஜெண்ட் ஹஸ்லம் சம்சாரம் அவரு செத்த தாள் வந்த அன்னிக்கும் தறிக்கு வந்து நின்னா. வீட்டுக்குப் போடின்னா, "வீட்டுல சத்தமே இல்ல, அங்க எப்படி இருக்கிறது?"ன்னு கேக்குறா. என்னத்தைச் சொல்ல?

போன ஞாயித்துக்கிழமை சர்ச்சுல செத்தவங்க பேரையெல்லாம் படிச்சாங்க. போதகர் ஜேபஸ் பேரையும் சேத்து எழுதி வச்சிருந்தாரு. முன்னாடியே போய் அடிக்கச் சொல்லிட்டேன். அவரு என்னைப் பாத்த பார்வை இருக்கே! மத்த பொம்பளைங்களும் என்னைப் பாக்குறாங்கடா. பரிதாபமா இல்ல, பொறாமையா. என் தாள்ல மட்டும்தான் 'காணவில்லை'ன்னு இருக்கு.

உடம்பைப் பாத்துக்கோ. எனக்கு இப்ப இருக்கிறது நீ ஒருத்தன், வரப்போறவரு ஒருத்தர்.

அக்கா


பிரான்ஸ்
1916 செப்டம்பர் 24

அக்காவுக்கு,

உன் ரெண்டு கடுதாசியும் கிடைச்சுது. உக்காந்து எழுதலாம்னு பேனாவை எடுப்பேன், மூடி வச்சிடுவேன். நான் நலம்.

எங்க பட்டாளத்துல இப்ப புதுப் பசங்கதான். கென்ட், டெவன்னு எங்கெங்கேருந்தோ வந்திருக்காங்க, நல்ல பசங்க. தறிக்கூடத்துப் பேச்சு ஒருத்தனுக்கும் தெரியாது. சத்தம் வரும்போது நான் பழக்கத்துல உதட்டை அசைச்சா, "என்னய்யா, ஜெபமா?"ன்னு கேக்குறாங்க.

அடுத்த மாசம் எனக்கு லீவு. ஊருக்கு வர்றேன். விழா மாதிரி எதுவும் பண்ணாதே. நான் தூங்கணும்.

ஏனோக்


எல்லர்ஷா
1916 அக்டோபர் 30

ஏனோக்,

நல்லபடியாப் போய்ச் சேர்ந்தியான்னு கேக்கிறது முறை. கேட்டுட்டேன்.

ஸ்டேஷன்ல உன்னைக் கட்டிப் பிடிக்கல, கவனிச்சியா? கூட்டம்னு நினைச்சிருப்பே.

ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுட்டு நாற்காலியில சாஞ்சபடியே தூங்கிட்டே. நான் எதிர்ல உக்காந்து உன் கோட்டுக்குப் பொத்தான் தைச்சிட்டிருந்தேன். உன் உதடு அசைஞ்சுது. குரலே இல்ல. பல்லு தெரிய, ஒவ்வொரு வார்த்தையா, தறிக்கூடத்துல பேசுற மாதிரியே பேசுனே. வெளியூர்க்காரி எவளாவது பாத்திருந்தா பையன் கனவுல எதையோ மெல்லுறான்னு நினைச்சிருப்பா. நான் பாவாடை கட்டின வயசிலேர்ந்து தறியில நிக்கிறவ.

"ஆடாதீங்க மாமா"ன்னே. "கொஞ்சம் ஆடாம இருங்க. குறி தப்பிடுச்சுன்னா இன்னொரு தடவை என்னால முடியாது"ன்னே.

அதையே திரும்பத் திரும்பச் சொன்னே. ஊசி என் விரல்ல ஏறினதுகூட எனக்குத் தெரியல. உன்னை எழுப்பிக் கேட்டிருப்பேன். கையில கத்தரிக்கோல் இருந்துச்சு, அதனால எழுப்பல. எழுந்து போய்க் கணப்புல கரி போட்டேன். நீ எழுந்ததும் டீ கொடுத்தேன்.

ஆறு மாசமாடா! அவரு சட்டையைத் துவைச்சேன். சங்கத்துக்கு எழுதினேன். சர்ச்சுல அவரு பேரை அடிக்க வச்சேன், அத்தனை பொம்பளைங்க பாக்க. நீ வந்த அன்னிக்கு மேஜையில அவரு இடத்துல தட்டு வச்சேன், அதுக்கு எதிர்லதானே உக்காந்து சாப்பிட்டே? எப்படிடா தொண்டையில இறங்குச்சு?

அதிகாரி பிரிக்காத பச்சை உறை ஒண்ணு உங்களுக்குக் கொடுப்பாங்களாமே, அதுல எழுது. என் புருஷனுக்கு என்ன ஆச்சுன்னு ஒண்ணு விடாம எழுது. எழுதலேன்னா எனக்குத் தம்பி இல்ல.

திர்சா


பிரான்ஸ்
1916 நவம்பர் 16

அக்கா,

நலமான்னு கேக்க எனக்கு வாய் இல்ல. பச்சை உறைக்கு என் முறை வரல. ஒருத்தன்கிட்ட என் சிகரெட்டையெல்லாம் கொடுத்து வாங்கினேன்.

அந்த ராத்திரி மாமா திரும்பி வரலேன்னு எழுதினது பொய் இல்ல. விடிஞ்சதும் பாத்தோம். ஜெர்மன்காரங்க முள்கம்பி வேலியில மாட்டிக்கிட்டு இருந்தாரு. வயித்துல காயம், உயிர் இருந்துச்சு. நெட் பார்லோவும் நானும் ஊர்ந்து போனோம். பாதி வழியில நெட் செத்துட்டான். நான் திரும்பிட்டேன். அதுக்கப்புறம் யாரும் வெளிய போகக் கூடாதுன்னு மேலேருந்து உத்தரவு. ஜெர்மன்காரங்களும் அவரை வந்து தூக்கல. அவங்கள்ல எவன் தலையை நீட்டினாலும் எங்க ஆளுங்க சுட்டுட்டிருந்தாங்களே, எப்படி வருவாங்க?

தொண்டை காஞ்சு அவருக்குக் குரல் வரல. ஆனா பேசிட்டிருந்தாரு, அக்கா. உதட்டால, நிறுத்தி நிறுத்தி, தறிக்கூடத்துல பேசுற மாதிரி. எதிர்ல இருக்கிறது நம்ம ஊர்ப் பசங்கன்னு அவருக்குத் தெரியுமே. குழிக்குள்ளேருந்து வெளிய பாக்குற கண்ணாடியில முகம் கிட்டத்துல தெரியும். வேற பட்டாளமா இருந்தா ஒருத்தனுக்கும் புரிஞ்சிருக்காது, அவனவன் பாட்டுக்கு டீ போட்டுக் குடிச்சிருப்பான். எங்களுக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரிஞ்சுது. காலையில தண்ணி கேட்டாரு. அப்புறம் அவங்க அம்மாவைக் கூப்பிட்டாரு. மத்தியானத்துக்கு மேல பசங்க கண்ணாடிப் பக்கமே போகல. நான் மட்டும் பாத்துட்டிருந்தேன், நானும் பாக்கலேன்னா அவரு யார்கிட்ட பேசுவாரு?

சாயங்காலம், "மச்சான், இருக்கியா?"ன்னாரு. கண்ணாடியை ஆட்டிக் காட்டினேன். "முடிச்சு விடு மச்சான்"னாரு. முடியாதுன்னு எப்படிச் சொல்றது, என் முகம் அவருக்குத் தெரியாதே. மறுபடியும் சொன்னாரு. மறுபடியும். சார்ஜெண்ட் ஹஸ்லமும் ஒரு தடவை பாத்துப் படிச்சுட்டாரு. "டீ ஆயிடுச்சான்னு பாத்துட்டு வர்றேன்"னு எழுந்து போனாரு. போகும்போது மத்தவங்களையும் கூட்டிட்டுப் போயிட்டாரு.

குறி தப்பல.

ராத்திரி எங்க பீரங்கி அந்த வேலியையே தரைமட்டமாக்கிடுச்சு, எடுத்துப் புதைக்கவும் ஒண்ணும் மிஞ்சல. சொந்த ஆளைச் சுட்டேன்னு வெளிய தெரிஞ்சா உன்னை விசாரணையில நிறுத்துவாங்க, மூச்சு விடாதேன்னு சார்ஜெண்ட் சொன்னாரு. அவருதான் 'திரும்பவில்லை'ன்னு மட்டும் எழுதிக் கொடுத்தாரு. இப்ப அவரும் இல்ல.

விசாரணைக்குப் பயந்து உன்கிட்ட மறைக்கல. இன்னொண்ணு இருக்கு. சுடும்போது முகத்தைப் பாத்தா என் கை நிக்காதுன்னு கோட்டு மேல் பொத்தானையே பாத்தேன். அந்த நேரத்துல அவரு ஏதாவது சொல்லியிருந்தா? "வேணாம்"னு சொல்லியிருந்தா? குரல் இருக்கிறவனா இருந்தா காதுல விழுந்திருக்கும். அவரு உதட்டை நான் பாக்கல, அக்கா. பேசுறவங்க வாயைப் பாக்காம இருக்கக் கூடாதுன்னு நீதானே எனக்குத் தறியில பழக்கிவிட்டே? பாக்கல. கடைசியில என்ன சொன்னாருன்னு எனக்குத் தெரியாது. இதை எப்படி உன்கிட்ட வந்து சொல்லுவேன்?

எனக்குப் பதில் போடலேன்னாலும் சரி.

ஏனோக்


எல்லர்ஷா
1916 டிசம்பர் 11

ஏனோக்குக்கு,

உன் கடுதாசி வந்து ரொம்ப நாளாச்சு. தினமும் பதில் எழுத உக்காருவேன், கை வராது. நான் உயிரோட இருக்கேன். நீயும் இருக்கணும்.

"வேணாம்னு சொல்லியிருக்க மாட்டாரு, நீ கவலைப்படாதே"ன்னு எழுதலாம்னு பாத்தேன். எனக்கு எப்படிடா தெரியும்? நான் என்ன அங்க இருந்தேனா? சும்மா ஆறுதலுக்குச் சொன்னா நீ கண்டுபிடிச்சுடுவே, தொட்டில்லேர்ந்து என்னைப் பாக்குறவன். சொல்லியிருக்கலாம், சொல்லாமலும் இருந்திருக்கலாம். சாகுற வரைக்கும் ரெண்டு பேருக்கும் இது தெரியப் போறதில்ல. நீ அங்க ஒத்தையில சுமந்தது போதும், நானும் சுமக்குறேன்.

கோவம் போகல. சுட்டதுக்கு இல்ல. நான் அங்க இருந்து, அவரு என்கிட்ட கேட்டிருந்தா, நானும் செஞ்சிருப்பேனா, இல்ல அங்கேயே கிடந்து கத்தியிருப்பேனா, தெரியல. என்னை ஆறு மாசம் வாசல்ல நிக்க வச்சியே, அதுக்குத்தான் கோவம். அது லேசுல போகாது. வீட்டுக்கு வா, உன் மூஞ்சிக்கு நேரா நாலு வார்த்தை கேட்டாத்தான் எனக்கு ஆறும். வராம இருந்துடாதே. சத்தியமாச் சொல்றேன், வராம இருந்துடாதே.

உன் கடுதாசியை நெருப்புல போட்டுட்டேன். கறுப்புத் துணி வாங்கித் தைச்சுப் போட்டுக்கிட்டேன். போதகர்கிட்ட போய் அவரு பேரைச் சேத்துக்கச் சொன்னேன். இந்த ஞாயித்துக்கிழமை படிச்சாங்க.

வெளிய வந்ததும் ஹஸ்லம் சம்சாரம், விட்டில் அம்மா, எல்லாரும் சுத்தி நின்னுக்கிட்டாங்க. உறுதியான சேதி எப்படி வந்துச்சுன்னு கேட்டாங்க. உடம்பு கிடைச்சுதான்னு கேட்டாங்க. அப்புறம் ஹஸ்லம் சம்சாரம் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "யாரும் இல்லாம தனியாவா கிடந்தாரு?"ன்னு கேட்டா. அவ புருஷன் அப்படித்தான் கிடந்திருப்பாருன்னு அவளுக்கு ஒரு நினைப்பு, ராத்திரியெல்லாம் தூங்குறதில்ல.

"இல்லடி, கடைசி வரைக்கும் என் தம்பி கூட இருந்தான்"னு சொன்னேன்.

குளிர் அதிகமாமே அங்க, கழுத்தைச் சுத்திக் கட்டிக்கோ.

உன் அக்கா,
திர்சா